மோட்டார் வண்டியின் மூளை

முன்னாளில் மோட்டார் வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், சோக்கை இழுத்தும் கார்புரேட்டரைத் துடைத்தும் நாமே ஒருவாறு சரிசெய்துகொள்வதுண்டு. இன்று அவ்விடத்தில் சிறியதொரு கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. அதன் வரலாற்றை நம் இல்லத்தார் அறிந்திருத்தல் நலம்.

1970-ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டமும், 1973-இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடியுமே இதற்கு வித்திட்டவை. புகையும் குறைய வேண்டும், பெட்ரோலும் மிஞ்ச வேண்டும் என்ற இரட்டைக் கட்டளையைப் பழைய கருவிகளால் நிறைவேற்ற இயலவில்லை. 1977-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ வண்டியில் தீப்பொறி எழும் நேரத்தைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தது. 1979-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், தீப்பொறியையும் எரிபொருளையும் ஒருங்கே ஆளும் மோட்ரானிக் அமைப்பை பி.எம்.டபிள்யூ. வண்டிக்கு அளித்தது.

இவ்வேலை எளிதன்று. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலுங்கால், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது நொடியில் நூறில் ஒரு பங்கே. அதற்குள் காற்றின் அளவையும் வெப்பத்தையும் அறிந்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்னும் எடை விகிதத்தைக் காக்க வேண்டும். விகிதம் பிறழ்ந்தால், புகைக்குழாயிலுள்ள வினையூக்கி நச்சு வாயுக்களைச் சரிவர மாற்றாது.

ஆகவே சோதனையும் கடுமையானது. முதலில், எஞ்சினைப்போல் நடிக்கும் மற்றொரு கணிப்பொறியுடன் இதனை இணைத்து, கோளாறுகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கிறார்கள். பின்னர் மெய்யான எஞ்சினோடும், குளிரிலும் வெயிலிலும் மலையேற்றத்திலும் ஆராய்கிறார்கள். இறுதியில் உருளைகளின்மேல் வண்டியை ஓட்டிப் புகையை அளக்கிறார்கள்.

ஆயினும் பரீட்சையிலும் வஞ்சனை புகுந்தது! சோதனை நடப்பதை உணர்ந்து, அப்போது மட்டும் புகையை அடக்கும் கட்டளைகளை வோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் வண்டிகளில் மறைத்து வைத்திருந்தது 2015-இல் அம்பலமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகள்! மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வண்டியைச் சாலையிலேயே ஓட்டி அளந்ததுதான் இதற்கு வழி திறந்தது. ஆசிரியர் காணும்போது மட்டும் படிக்கும் பிள்ளையை நாம் மெச்சுவோமா?

நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் சாலையிலும் புகையை அளக்கும் முறை வலுப்பெற்றது. எஞ்சியது நம் கடமை. முகப்பில் எஞ்சின் வடிவில் மஞ்சள் விளக்கு எரிந்தால் விரைவில் பணிமனையை நாடுவோம்; அது விட்டுவிட்டுச் சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவோம். விளக்கை மட்டும் அணைத்துத் தரும்படி எவரையும் கேளோம். பிழைப்பு நாடி வந்த இந்நகரின் காற்றைத்தானே நம் குழந்தைகளும் சுவாசிக்கின்றன!