பை சுமந்தவர் சிறையில். பரிசு பெற்றவர் மேடையில்!



சைக்கிள் நமக்குப் புதிதல்ல. விடியுமுன் அதில் ஏறித்தான் அப்பா காட்டுக்குப் போனார். மீன்காரர் மணியடித்தபடி லயத்துக்கு வந்ததும் அதில்தான். 1996-ஆம் ஆண்டில் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயம் ஊர்வழியே போனபோது சாலையோரம் நின்று கைதட்டியவர்களும் உங்களில் இருப்பீர்கள். பளபளக்கும் சட்டையோடு காற்றாய்ப் பறந்த அந்த வீரர்களைப் பார்த்து, "அடேயப்பா, என்ன உடம்பு! என்ன உழைப்பு!" என்று வியந்திருப்பீர்கள்.

அந்த உழைப்புக்குள் ஒரு காலத்தில் ஊசியும் புகுந்திருந்தது. பல வீரர்களின் பெயரைக் கெடுத்த அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எல்லையில் நின்ற கார்

சைக்கிள் பந்தயங்களிலேயே பெரியது பிரான்சு நாட்டில் நடக்கும் டூர் டி பிரான்ஸ். 1903-இல் தொடங்கியது. மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மலை ஏறி இறங்கி ஓட்ட வேண்டும்.

1998-ஆம் ஆண்டு ஜூலை 8. பந்தயம் தொடங்க இன்னும் மூன்று நாள்தான். பெல்ஜியத்திலிருந்து பிரான்சுக்குள் நுழைந்த ஒரு காரைச் சுங்க அதிகாரிகள் நிறுத்திச் சோதனையிட்டார்கள். ஃபெஸ்டினா என்ற கைக்கடிகார நிறுவனத்தின் பெயரில் ஓடிய அணியின் கார் அது. உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட ஊசி மருந்துகள், இன்னும் பலவகை மாத்திரைகள்!

காரை ஓட்டி வந்தவர் வில்லி வூட். அவர் வீரர் அல்லர், அணியின் வேலையாள். வீரர்களின் கால்களை உருவிவிடுவதும், சாப்பாட்டுப் பை கட்டுவதும், தண்ணீர் போத்தல் நிரப்புவதும் அவர் வேலை. மருந்தைக் கொண்டு வருவதும் அந்த வேலையோடு சேர்ந்துகொண்டது.

பிடிபட்டதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் என் சொந்த உபயோகத்துக்கு" என்றார். சோறு போட்ட அணியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை போலும்! ஆனால் அணியோ, தனக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் பந்தயத்தில் இறங்கியது. சிறையிலிருந்த மனிதர் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். ஜூலை 17-ஆம் தேதி ஃபெஸ்டினா அணி வெளியேற்றப்பட்டது. வீரர்களின் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி மருந்துக்குச் செலவழித்த விவரமும் வெளியே வந்தது.

அது என்ன மருந்து?

அந்த ஊசிகளில் முக்கியமானது இ.பி.ஓ. சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் உறவினர் உங்களுக்கு இருந்தால், இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் மருந்து அது. டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது நோயாளிக்குத் தெம்பு தரும் நல்ல மருந்துதான், பயப்படத் தேவையில்லை.

நல்ல உடம்புக்காரன் அதைப் போட்டுக்கொண்டால்? சிவப்பணு கூடும், தசைகளுக்குப் பிராணவாயு அதிகம் கிடைக்கும், மலையில் களைக்காமல் ஏறலாம். ஆனால் இரத்தம் கெட்டியாகிவிடும். மங்கில் நேரங்கடந்து கிடந்த பால் எப்படி ஓடாதோ, அப்படித்தான். அந்தக் கெட்டி இரத்தம் கட்டியானால் இருதயம் நிற்கலாம், மூளை பாதிக்கலாம்.

இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்று 1997-இல் விதி வந்தது. மருந்தையே கண்டுபிடிக்கும் சோதனை அப்போது நடைமுறையில் இல்லை. ஆகவே, கோட்டைத் தாண்டாமல் ஊசி போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்கள்!

பந்தயம் பட்ட பாடு

அதன்பின் போலீஸ் மற்ற அணிகளின் ஹோட்டல்களிலும் நுழைந்தது. வீரர்கள் ஆத்திரப்பட்டு நடுச்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பல அணிகள் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பின. 189 பேர் தொடங்கிய பந்தயத்தில் பாரிஸ் நகரை எட்டியவர்கள் 96 பேர்தான். அடுத்த ஆண்டே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு பிறந்தது.

இனி மூன்று மனிதர்களைப் பாருங்கள்.

முதலாமவர், பை சுமந்த வில்லி வூட். இரண்டு வாரத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். 2000-ஆம் ஆண்டு நீதிமன்றம் அவருக்குப் பத்து மாத ஒத்திவைக்கப்பட்ட தண்டனையும் அபராதமும் விதித்தது.

இரண்டாமவர், அணியின் நட்சத்திரம் ரிஷார் விரோங்க். "நான் எதுவும் எடுக்கவில்லை" என்று அழுதார். இரண்டு ஆண்டு மறுத்துவிட்டு, 2000 அக்டோபரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. சில மாதத் தடைக்குப்பின் திரும்பி வந்து, 2004-இல் மலையேற்றப் பரிசை ஏழாம் முறையாக வென்றார்!

மூன்றாமவர் கிறிஸ்தோஃப் பஸோன்ஸ். அதே ஃபெஸ்டினா அணியில் இருந்தும் ஊசியைத் தொட மறுத்தவர் என்று மற்றவர்களே சாட்சி சொன்னார்கள். 1999-இல் வேறு அணியில் ஓட்டியபோது, மருந்துப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். சக வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். முன்னணியில் இருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ஓடும் பந்தயத்திலேயே பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். பஸோன்ஸ் மனமுடைந்து பாதியில் விலகினார். 2001-இல் தொழிலையே விட்டுவிட்டார். ஆம்ஸ்ட்ராங்கோ ஏழு முறை வென்றார்! அந்த ஏழு பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. 2013-இல் தொலைக்காட்சியில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் பஸோன்ஸ் இழந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

நமக்கு என்ன?

பை சுமந்தவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. பையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இலாபம் வந்தபோது மேடையில் நின்றவர்கள் வேறு. போலீஸ் வந்தபோது தனியாக நின்றவர் வேறு.

பிழைப்புக்காகப் பட்டணம் போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒருநாள் இப்படி ஒரு பை நீட்டப்படலாம். "எல்லாரும் செய்வதுதான், நீயும் செய்" என்று ஒரு பெரிய மனிதர் தோளில் தட்டலாம். அன்று அவர்களுக்கு வில்லி வூட்டின் கதை ஞாபகம் வரட்டும்.

ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த மகன் இரவில் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், "ஏன் முதலில் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "நேர்மையாக ஓடினாயா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்றால், அன்றைக்கு அவனுக்கு இரண்டு தோசை அதிகமாகவே சுட்டுப் போடுங்கள்!