உங்களுக்குத் தெரியுமா? விலை வரைபடம் சொல்லாததைக் கணக்கு சொல்லும்

ஒரு பிட்காயினைக் கொடுத்தால் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதங்களில் 1.8 பிட்காயின் திரும்ப வரும். 2015-இல் தொடங்கிய ‘கெயின்பிட்காயின்’ திட்டம், பிட்காயின் சுரங்கத்தில் ஈட்டித் தருவதாகச் சொல்லி, இப்படித்தான் ஆள் சேர்த்தது. இதை நடத்திய அமித் பரத்வாஜை 2018 ஏப்ரலில் புனே காவல்துறை கைதுசெய்தது. வழக்குகள் 2023-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் சிபிஐ வசம் போயின. இந்த வாக்குறுதி நிற்காது என்பதை அறிய எந்தச் சந்தை நிபுணரும் தேவைப்படவில்லை. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பரிவர்த்தனைத் தொகுதி, அதைக் கணினியால் உருவாக்கும் ‘சுரங்கக்காரருக்கு’ இத்தனை புதிய நாணயம் என்பது பிட்காயினின் பகிரங்க விதி. அந்த வெகுமதி 2016 ஜூலையில் 25-லிருந்து 12.5 ஆகப் பாதியானது. உலகச் சுரங்கக்காரர்கள் எல்லோருக்குமான அன்றாட வரவே ஏறத்தாழ 3,600-லிருந்து 1,800 ஆகச் சுருங்கியபோது, ஒருவர் மட்டும் மாறாத விகிதத்தில் எப்படிக் கொடுப்பார்?

‘2017-இல் விலைதான் எகிறியதே’ என்பார்கள். வாக்குறுதி ரூபாயில் இல்லை, பிட்காயினில் இருந்தது. விலை ஏறினால் புதிய சுரங்க இயந்திரங்கள் குவியும். தொகுதியை உருவாக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்கும், 2,016 தொகுதிகளுக்கு ஒருமுறை மறுகணக்கிடப்படும் கடினநிலை உயரும். பழைய இயந்திரத்தின் பங்கு தேயும். ஆக, ஏறுமுகச் சந்தையே இத்திட்டத்துக்கு எதிரி. வேகமான கருவி வாங்கலாமே என்றால், போட்டியாளரும் அதே கருவியைத்தான் வாங்குவார். பிறகு முதலீட்டாளர்களுக்கு பிட்காயினுக்குப் பதில், மதிப்புக் குறைந்த ‘எம்கேப்’ என்ற சொந்த நாணயம் தரப்பட்டதாக சிபிஐ சொல்கிறது.