ஃபார்வர்டு செய்யாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள்

“இது உண்மையான்னு கேக்கத்தான் சார் அனுப்பினேன்.” திருநங்கைகளைப் பிள்ளை பிடிப்பவர்கள், கொலைகாரக் கும்பல் என்று சொல்லும் குரல்பதிவை நாலு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டு இப்படிச் சொல்கிறார்கள். வதந்திக்குக் கால் முளைப்பதே இந்த விசாரிப்பில்தான். இன்னொரு வகையினர் பதறிப்போய்ப் பதிவை அழித்துவிட்டு, வெறுங்கையோடு காவல் நிலையம் போகிறார்கள். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இந்த இரண்டையும் பார்த்துச் சலித்துவிட்டது.

விளைவு சிறியதல்ல. 2018 மே மாதம் ஐதராபாத் சந்திராயன்குட்டாவில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் ஒரு திருநங்கையை அடித்தே கொன்றது. அதே மாதம் நமக்குப் பக்கத்திலேயே, போளூர் அருகே அத்திமூரில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணி அதே வதந்திக்குப் பலியானார். 2024-இல் சென்னை பம்மலில் அதே சந்தேகத்தில் ஒரு திருநங்கையைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள்.

அரசியல் பேசுபவர்களும் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். 2022 மே 24 அன்று அமெரிக்காவின் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி ஒரு திருநங்கை என்று ஒரு படத்தோடு சில மணி நேரத்தில் பரவியது. பால் கோசர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரே அதைப் பதிவிட்டார். அது பொய். படத்தில் இருந்தவருக்கும் கொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சரி, பதிவு உங்கள் கைக்கு வந்துவிட்டது. என்ன செய்வது? அழிக்காதீர்கள். குழுவை விட்டு வெளியேறவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் தேதி, நேரம், அனுப்பியவரின் எண் மூன்றும் தெரிய வேண்டும். நீங்கள் ‘மாமா’ என்று சேமித்து வைத்திருந்தால் ‘மாமா’ என்றுதான் படத்தில் வரும், எண் வராது. ஆகவே அவருடைய விவரப் பக்கத்தையும், குழுவின் அட்மின் பட்டியலையும் தனித்தனியாக எடுங்கள். யூடியூப், ஃபேஸ்புக் என்றால் இணைப்பு முகவரியை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ என்றால் எத்தனையாவது நிமிடத்தில் அந்தப் பேச்சு வருகிறது என்பதும் வேண்டும். மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும் என்பதால், அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

மனுவில் ‘மனம் புண்பட்டது’ என்று மட்டும் எழுதினால் ஓரத்தில் போட்டுவிடுவார்கள். என்ன சொல்லப்பட்டது, அது ஏன் பொய், அதனால் யாருக்கு எங்கே அடி விழும் அபாயம் உள்ளது என்று எழுதுங்கள். ஒரு பிரிவினருக்கு எதிராக வன்முறையைத் தூண்டும் நோக்கில் பொய்யைப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 353-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 18-ஐயும் குறிப்பிடுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் மனு தரலாம். 1930 என்ற எண் பணமோசடிக்கானது, அதில் நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் படியிறங்காதீர்கள். ‘எங்க லிமிட்ல வராது’ என்று அலைக்கழிப்பது பல நிலையங்களின் பழக்கம். விழுப்புரத்தில் தங்கிக் கூவாகம் திருவிழாவுக்குப் போகும் திருநங்கைகளுக்கு இது பெரிய தொல்லை, ஏனென்றால் கூவாகம் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பதில் செல்லாது. எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173. மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். போட மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசையாவிட்டால் அடுத்தது மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அந்தத் தபால் ரசீது இல்லாமல் அங்கே நிற்பது கடினம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம்.

மறுபடியும் சொல்கிறேன்: எச்சரிக்கை செய்வதற்காகக்கூட அந்தப் பதிவை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். தெருவில் ஒரு திருநங்கையைக் கூட்டம் சூழ்ந்திருப்பதைப் பார்த்தால் மனு, ரசீது எல்லாம் பிறகு. வீடியோ எடுக்கத் தூக்கிய போனில் முதலில் 112-ஐ அழையுங்கள்.