நீலப் பொறி

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் லயத்துக்கு மின்சாரம் வந்ததே மாலையில் சில மணி நேரம்தான். எஞ்சின் கொட்டகையில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கினால் விளக்கு எரியும். படுக்கும் நேரத்தில் பெரிய கைப்பிடியை இழுத்து நிறுத்துவார்கள். அப்போது செப்புத் தகடுகளுக்கு நடுவே நீலப் பொறி தெறிக்கும். நாளடைவில் தகடு கருகும்.

இன்று அதே ஊர்களில் கூரைமேல் சூரியத் தகடுகள். சுவரில் சத்தமில்லாத ஒரு பெட்டி. அதற்குள் இருக்கும் பூஸ்ட் கன்வர்ட்டர் தகட்டின் குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தருகிறது. சுவிட்ச் மூடியிருக்கும்போது கம்பிச் சுருளில் ஆற்றல் சேரும். திறந்ததும் அது தகட்டின் அழுத்தத்தோடு கூடி வெளியே பாயும்.

கைப்பிடி ஒரு நாளைக்கு ஓரிரு முறைதான் அசைந்தது. பெட்டிக்குள் இருக்கும் இந்தக் குறைகடத்திச் சுவிட்ச் நொடிக்கு 50,000 முறை திறந்து மூடக்கூடும். ஒவ்வொரு முறையும் அழுத்தமும் மின்னோட்டமும் ஒரு கணம் சேர்ந்து நிற்கின்றன. 400 வோல்ட், 20 ஆம்பியர், 0.1 மைக்ரோநொடி என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் 20 வாட் வீணாகி வெப்பமாகிறது. பழைய பொறிதான் இது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இதைத் தவிர்க்கும் வழிதான் மென்சுவிட்சிங். சிறு சுருளையும் மின்தேக்கியையும் சேர்த்து ஊசலாட விட்டு, அழுத்தம் சுழியைத் தொடும் கணத்தில் சுவிட்சை மூடுகிறார்கள். கூடுதல் உறுப்புகள் வேண்டும், நேரக் கட்டுப்பாடு பிசகக் கூடாது. சில அமைப்புகளில் சுமை குறைந்தால் அழுத்தம் சுழிவரை இறங்காது. அதனால்தான் இது இன்னும் ஆய்வுக்குரியதாக இருக்கிறது.

திறன் கூடினால் ஒரே சுவிட்சின்மேல் பாரத்தை ஏற்றுவதில்லை. ஓர் உரலில் இரண்டு பெண்கள் உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவதுபோல், இரண்டு கிளைகள் அரைச்சுற்று இடைவெளியில் இயங்கும். ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தை ஈடுசெய்யும். 200 வோல்ட்டை 400 ஆக்கும்போது, உள்ளே வரும் மின்னோட்டத்தின் அலைவு ஏட்டுக்கணக்கில் முற்றிலும் மறையும்.

இந்தச் சுவிட்சுகளுக்கு மலாக்கா அந்நிய ஊரல்ல. பத்து பெரண்டாமில் சீமென்ஸ் 1973இல் தொடங்கிய ஆலை, இன்று மின்திறன் சில்லுகளுக்குப் பெயர்பெற்ற இன்ஃபினியனுடையது. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்ட ரப்பரால் அடையாளம் பெற்ற மாநிலம், இப்போது குறைகடத்திகளுக்கும் பேர்போனது. பால்மரம் சீவிய கைகளின் அடுத்த தலைமுறை ஆலைப் பேருந்து ஏறியது.

அதற்கடுத்த தலைமுறை வடிவமைப்பு மேசைக்கு வர வேண்டும் என்பதே என் ஆசை. அதற்குப் படிக்க, டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது. கொட்டகையில் கைப்பிடியை இழுத்தவர் பொறிக்கு ஒதுங்கி நின்றார். அவர் பேத்தி ஆசிலாஸ்கோப்பில் அழுத்தக் கோடும் மின்னோட்டக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விலகுவதைப் பார்த்து, அந்தப் பொறி பிறக்காமலே செய்யட்டும்.