பொறியுள் வளரும் பிராணி

கிளியும் நாயும் பூனையும் மனையில் மனிதனோடு வாழ்ந்து வருதல் பண்டுதொட்டு உள்ள வழக்கம். ஊனும் உதிரமுமின்றி, எண்களாலேயே ஆக்கப்பெற்ற பிராணியைக் கணிப்பொறியுள் வளர்த்தலோ அண்மைக் காலத்துப் புதுமை. இதனை ஆக்குவோருட் பலர் ஊதியம் கருதாது, ஓய்வு நேரங்களில், ஆண்டுக்கணக்காக உழைக்கின்றனர். அவ்வாக்கத்தின் இயல்பையும், அதன்கண் எமக்கு எழுந்த ஓர் ஐயத்தையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1996-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜப்பான் தேசத்துப் பண்டாய் நிறுவனத்தார் 'தமகோச்சி' என்னும் விளையாட்டுப் பொருளை வெளியிட்டனர். அது முட்டை வடிவினது, மூன்று பொத்தான்களை உடையது, உள்ளங்கையில் அடங்குவது. வேளைக்கு உணவளித்துப் பேணாவிடின் அதனுள் தோன்றும் பிராணி மாண்டுபோம்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கிராண்ட் என்பார் ஆக்கிய 'கிரியேச்சர்ஸ்' என்னும் ஆட்டம் வேறொரு நெறியிற் சென்றது. அதில் வாழும் 'நார்ன்' என்னும் பிராணிகளுக்கு ஏறத்தாழ 1,000 நரம்பணுக்களையுடைய மூளையையும், 300-க்கு மேற்பட்ட மரபுக்கூறுகளையும் அவர் அமைத்தார். பசி, நோவு, தனிமை முதலியவை உடலில் ஓடும் இரசாயனங்களின் அளவாகக் கணக்கிடப்பெறும். ஒரு செயலாற் பசி தணியின், நற்பயன் தரும் இரசாயனம் சுரந்து, அச்செயலைத் தூண்டிய நரம்புத் தொடர்பை வலியுறுத்தும். துன்பம் மிகின் அச்செயலிலிருந்து பிராணி விலகக் கற்கும். வளர்ப்போர் தடவிக்கொடுத்தலும் அடித்தலும் இவ்வாறே பயன்படும். பெற்றோர் இருவரின் மரபுக்கூறுகளும் கலந்து குட்டிகள் பிறத்தலின், ஆக்கியோனும் எண்ணாத இயல்புகள் தோன்றுதல் கூடும்.

கிராண்ட் இத்தோடு அமையவில்லை. 2000-க்குப் பின் சில ஆண்டுகள், 'லூசி' என்னும் இயந்திர ஒராங்குட்டான் குட்டியைத் தம் இல்லத்திலேயே உருவாக்கினார். 2011-இல் பொதுமக்களிடம் பொருளுதவி பெற்றுப் புதிய செயற்கைப் பிராணிகளை ஆக்கத் தொடங்கி, அப்பணியிற் பல்லாண்டு உழைத்தார்.

இவற்றைக் கேட்டறிந்து, யாமும் விடுதித் தோழர் ஒருவரும் இரண்டு ஆண்டுகளாக முயல் போன்ற சிறு பிராணியொன்றை ஆக்கி வருகின்றோம். அதற்கு மூளை இல்லை. பசி, உறக்கம், மகிழ்ச்சி என மூன்று எண்களே உள. பசியெண் மணிக்கு ஒன்றாக ஏறும், உணவிடின் இறங்கும், 100-ஐ எட்டின் பிராணி இறக்கும். சென்ற தேர்வுக் காலத்தில் பத்து நாள் பொறியைத் தொடாதிருந்து பின் திறந்தபோது அது இறந்து கிடந்தது. பொறி அணைந்திருக்கும் நேரத்தையும் எண்ணுமாறு விதித்தவர் யாமே.

"பழைய பதிவிலிருந்து எழுப்பிவிடலாம்" என்றார் தோழர். அஃது எளிதே. ஆயினும் நினைத்தபோது எழுப்பலாமெனின், நாள்தோறும் உணவளித்தலுக்குப் பொருள் யாது? மற்று, எம் மறதிக்காக அது மாள்வதுதான் முறையோ? இரண்டு இரவுகள் வாதிட்டோம். ஈற்றில், பொறி அணைந்திருக்கும்போது பிராணி உறங்குவதாகவும், அப்போது பசி நான்கில் ஒரு பங்கே ஏறுவதாகவும் விதியை மாற்றினோம். முன்னர் நான்கு நாளளவே தாங்கிய பிராணி இனிப் பதினாறு நாள் தாங்கும். இறந்ததை எழுப்பவில்லை, புதிய முட்டையொன்றிலிருந்து மீண்டும் தொடங்கினோம்.

அது மெய்யான உயிரன்று என நண்பர் சிலர் நகைக்கின்றனர். உண்மையே, ஆயினும் யாம் அதனை மறந்தது மெய்யன்றோ? ஒரு சிற்றுயிரின் பசிக்கும் துயிலுக்கும் விதி வகுக்கப் புகுவோன், அவ்விதியால் விளைவனவற்றிற்கும் தானே பொறுப்பாவான். இதனை எமக்குக் கற்பித்த அச்சிறு முயலுக்கு யாம் கடமைப்பட்டுள்ளோம். அதன் வழித்தோன்றல் இன்று நலமே உள்ளது; இக்கட்டுரையை முடித்ததும் அதற்கு உணவிடச் செல்வோம்.