கம்பிக்கூட்டினுட் கல்லறை

ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலே, அந்தி சாய்ந்தபின் வழிகாட்டிகள் பிரயாணிகளை அழைத்துச் செல்லும் இடங்கள் சில உள. 1788ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற தென்பாலத்தின் நிலவறைகள் அவற்றுள் ஒன்று. அப்பாலத்துக்கு வளைவுகள் 19. வெளியே தெரிவது ஒன்றே. ஏனையவற்றைக் கட்டிடங்கள் மறைத்துவிட்டன. அவற்றினுள்ளே தொழில் நடத்தினோர் நீர்க்கசிவு பொறாது வெளியேற, போக்கிடமற்ற ஏழைகள் குடிபுகுந்தனர்.

மற்றொன்று கிரேபிரையர்ஸ் சேமக்காலை. பேய்க்கதை கேட்கவே பலர் அங்கு செல்கின்றனர். எமக்கோ, நேயர்களே, சில கல்லறைகளை மூடிநிற்கும் இரும்புக் கம்பிக்கூடுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. இறந்தவர் எழுந்து வராமற் தடுக்க இட்டவை அல்ல அவை. அவர்கள் களவுபோகாமற் காக்க இட்டவை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எடின்பரோ மருத்துவக் கல்விக்குப் பேர்பெற்ற நகர். மாணவர் அறுத்துப் பயில உடல்கள் வேண்டும். சட்டம் அளித்தவையோ மிகச் சில. ஆகவே, புதைத்த பிரேதத்தை இரவிலே தோண்டி விற்போர் தோன்றினர். சில கிழமைகள் சென்றால் உடல் அழுகிவிடும். பின்னர் அதனை வாங்குவாரில்லை. அதுவரைக்குமே கூடு. கூட்டுக்குப் பணமில்லாதார் கல்லறையருகே இராக்காவல் இருந்தனர்.

1828இலே பேர்க், ஹெயர் என்னும் இருவர், தோண்டும் சிரமமும் வேண்டாமென்று, 16 பேரைக் கொன்று, உடற்கூற்றாசிரியர் நொக்ஸ் என்பாருக்கு விற்றனர். ஹெயர் அரசதரப்புச் சாட்சியாகித் தப்பினான். பேர்க் 1829இல் தூக்கிலிடப்பட்டான். அவனுடலும் மாணவர் முன்னிலையில் அறுக்கப்பட்டது. எலும்புக்கூடு இன்றும் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் உளது.

1832இல் நிறைவேறிய உடற்கூற்றுச் சட்டம் இத்திருட்டைப் படிப்படியாக ஒழித்தது. ஏழைவிடுதிகளில் இறந்து, உரிமைகோர ஒருவருமில்லாதாரின் உடல்கள் அதன்பின் சட்டப்படியே அறுப்பு மேசையை அடைந்தன.