செவியும் ஒலிப்பதிவுக் கருவியும்

கண்ணுக்கு இமையை அமைத்த இயற்கை செவிக்கு மூடியொன்றும் அமைத்திலது. நாம் உறங்கும்போதும் அது திறந்தே கிடக்கின்றது. கேள்வியின் சிறப்பை உணர்த்த வள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்தார். தொல்காப்பியரோ எழுத்தொலியின் கால அளவைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்து காட்டினார். ஒலியைக் கேட்டு மகிழ்ந்ததோடு அமையாது, அதனை அளக்கவும் முற்பட்ட மரபு நம்முடையது. மனிதச் செவி எவ்வளவு கேட்கும், ஆர்வலர் ஒருவர் வாங்கக்கூடிய ஒலிப்பதிவுக் கருவி எவ்வளவு பதியும் என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய்வாம். தெல்லிப்பழையையும் அதன் அயலூர்களையும் பொறுத்தவரை இவ்வினாக்கள் பௌதிகப் பாடத்தோடு முடிவன அல்ல என்பது பின்னர் விளங்கும்.

ஒலி என்பது வளியிற் பரவும் அமுக்க அலை. ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே அதன் மீடிறன். இளமையும் நலமும் வாய்ந்த செவி, செக்கனுக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். இவ்வெல்லைக்குள்ளும் அது எல்லா ஒலிகளையும் ஒருபடித்தாகக் கேட்பதில்லை. செவிக்குழாய் ஏறத்தாழ 2.5 சதமமீற்றர் நீளமுடையது. ஒருபுறம் மூடிய குழாயாதலின், அது 3,000 அதிர்வை அண்டிய ஒலிகளுக்குப் பரிவுற்று அவற்றை மிகுவிக்கின்றது. மிகத் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் வலுவாக இருந்தாலன்றிச் செவிக்குப் புலப்படா. பிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1933 ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டை அளந்து வளைகோடுகளாக வரைந்து வெளியிட்டனர்.

செவியின் நுண்மையினும் வியப்புக்குரியது அதன் வீச்சு. கேட்கத்தக்க மிக மெல்லிய ஒலிக்கும் செவியை நோகச் செய்யும் பேரொலிக்கும் இடையே வலுவில் இலட்சம் கோடி மடங்கு வேறுபாடு உண்டு. இப்பெரும் வேறுபாட்டைச் சுருங்கக் கூறவே டெசிபெல் என்னும் அளவை வகுக்கப்பட்டது. அவ்வளவையில் இது 120 டெசிபெல் ஆகும். ஆயினும் இச்செல்வம் குறையக்கூடியது. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமை முதலிற் கவர்வது உயர்ந்த ஒலிகளையே. அறுபது வயது கடந்தோருட் பலர்க்கு 10,000 அல்லது 12,000 அதிர்வுக்கு மேற்பட்டவை கேட்பதில்லை. பேரொலியும் அவ்வாறே கேடு செய்யும். 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பர். ஒவ்வொரு 3 டெசிபெல் மிகுதிக்கும் அந்நேரம் பாதியாகும். திருவிழாக்களில் ஒலிபெருக்கியின் வாயருகே நிற்கும் சிறுவர் இதனை அறிதல் நன்று.

இனி, கருவியின் எல்லையைக் காண்போம். 1963 ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கசெற் நாடா, ஒலிப்பதிவை எளியோர் கைக்கும் கொண்டுவந்தது. அந்நாடா செக்கனுக்கு 4.76 சதமமீற்றர் வேகத்திலேயே ஓடுவது. ஆகவே 10,000 அதிர்வுடைய ஒலியின் ஓர் அலை அதில் 4.76 மைக்குரோமீற்றர் இடத்திற்குள் அடங்க வேண்டும். பதியும் முனையில் சிறிது அழுக்குப் படிந்தாலும் அவ்வலை மறையும். நாடாவிற்கே உரிய இரைச்சலோ மெல்லிய ஒலிகளை விழுங்கும். செக்கனுக்கு 19 சதமமீற்றர் ஓடிய பழைய சுருள்நாடா, நாடாவை மிகுதியாகச் செலவழித்தாலும், உயர்ந்த ஒலிகளை இதனினும் செவ்வையாகக் காத்தது.

இக்காலக் கருவிகள் ஒலியை எண்களாக்கிச் சேமிக்கின்றன. ஒலியின் மிகவுயர்ந்த மீடிறனைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அதனை மாதிரியெடுத்தால், அவ்வொலியை மீண்டும் முழுமையாகப் பெறலாம் என்பது கணித உண்மை. 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு, செக்கனுக்கு 44,100 மாதிரி கொண்டது. செவியின் எல்லைக்கு இது போதும். 16 இலக்க நுட்பம் 96 டெசிபெல் வீச்சைத் தரும். 24 இலக்க நுட்பம் கருவியின் பிற பகுதிகள் அனுமதிக்குமளவும் அதனை விரிவாக்கும். ஆதலால் மாதிரி எண்ணிக்கையை மென்மேலும் கூட்டி விளம்பரஞ் செய்யும் கருவியை நாடி ஆர்வலர் பொருளை இழத்தல் வேண்டா. மீடிறனில் கருவி செவியை எட்டிவிட்டது. பதிவு கெடுவது பெரும்பாலும் வேறிடத்திலேயே.

அதற்குத் தவில் தக்க சான்று. விரற்கூடு அணிந்த விரல்கள் வலந்தலையில் விழும் கணத்தில் ஒலி திடீரென உச்சத்தை எட்டி உடனே தணிகின்றது. கருவி அவ்வுச்சத்தைத் தாங்காவிடின் அலையின் முடி வெட்டுண்டு கரகரப்பு உண்டாகும். பின்னர் எவ்வித நுட்பத்தாலும் அதனை முற்றாகத் திருத்த இயலாது. கைத்தொலைபேசியில் ஒலியளவைத் தானே சரிசெய்யும் அமைப்பு, ஒவ்வோர் அடிக்கும் நாதஸ்வரத்தைத் தாழ்த்தி உயர்த்தும். ஆகவே அவ்வமைப்பை நிறுத்தி, உச்சத்திற்குக் கீழே 12 டெசிபெல் இடம்விட்டுப் பதிதல் வேண்டும். ஒலிவாங்கியை அணைசுக்கு நேரே பிடியாது சற்று விலக்கி வைத்தலும், மின்பிறப்பாக்கிக்குத் தொலைவில் நிற்றலும் நலம். கூட்டத்தின் நடுவே தான் விரும்பியதை மட்டும் தெரிந்து கேட்கும் ஆற்றல் இரு செவிகளும் மூளையும் கூடியமையால் வருவது. கருவிக்கு அது இல்லை. எல்லாவற்றையும் அது ஒப்பப் பதியும்.

நம் அயலூராகிய அளவெட்டி, நாதஸ்வரத்தில் என். கே. பத்மநாதன், தவிலில் தெட்சணாமூர்த்தி ஆகியோர் பெயரோடு இணைந்த ஊர். தெட்சணாமூர்த்தி 1975 இல் நாற்பத்திரண்டு வயதும் நிரம்புமுன் மறைந்தார். அவர் வாசிப்பை நேரிற் கேட்டோர் இன்று முதியர். ஏனையோர்க்கு எஞ்சியிருப்பன நாடாக்களே. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது கதவடைத்துச் சென்ற வீடுகளில் எத்தனை கசெற்றுகள் விடப்பட்டன என்று யார் சொல்லவல்லார்? உடன் எடுத்துச் செல்லப்பட்டவையும் ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் நலிகின்றன. அவற்றை இயக்கும் பொறிகளும் அருகி வருகின்றன.

எனவே வீட்டிலுள்ள நாடாவைத் துடைத்த முனையுடைய பொறியில் ஓட்டி, 24 இலக்கத்தில், செக்கனுக்கு 48,000 மாதிரிக்குக் குறையாமற் படியெடுத்து, ஈரிடங்களிற் காத்தல் நம் கடன். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய ஆவணங்களைப் பேணுகின்றது. படியெடுக்கும்போது முதியவர் ஒருவரும் மாணவர் ஒருவரும் ஒருங்கிருத்தல் வேண்டும். நாடாவின் மெல்லிய இரைச்சலையும் பொறியின் கோளாற்றையும் இளஞ்செவி கண்டுகொள்ளும். வாசிப்பவர் யார், எக்கோயில், எவ்விராகம், உடன் வாசித்தவர் எவர் என்பவற்றை முதியவரே சொல்ல வல்லார். பெயரும் இடமும் குறிக்கப்படாத பதிவு, உரிமையாளர் அறியாத புதையல் போன்றது. நாடா இன்னும் சில ஆண்டு கிடக்கலாம். அதனை அடையாளங் காட்டும் செவி அதுவரை இருக்கும் என்பது உறுதியன்று. ஆதலின் இப்பணியை இந்த விடுமுறையிலேயே தொடங்குதல் தகும்.